கோடைக்கும் ஸ்காலர்ஷிப் உண்டா?

மே மாதம். பாகாலா ரயில் நிலையம். திருப்பதியிலிருந்து வந்த வண்டி நின்றது. ஒரு பெண் இறங்கினாள். பட்டப்படிப்பில் முதல் ஆண்டுத் தேர்வை அன்றுதான் முடித்திருந்தாள். அவள் கையில் ஒரு தாள் இருந்தது.

வீட்டில் அம்மா இல்லை. தாமலச்செருவு மாங்காய் மண்டிக்கு வேலைக்குப் போயிருந்தாள். இது மாங்காய்க் காலம். வண்டி வண்டியாகத் தோத்தாப்புரி வந்து இறங்கும். நல்ல காய், அடிபட்ட காய், பழுத்த காய் என்று பிரிக்க வேண்டும். இருட்டிய பிறகுதான் அம்மா வீட்டுக்கு வந்தாள்.

(இந்த அம்மாவுக்கு நான் பெயர் வைக்கவில்லை. உங்கள் பெயரையே வைத்துப் படியுங்கள்.)

"அம்மா, லீவில் ஒரு வகுப்பு இருக்கிறது. ஆறாயிரம் ரூபாய் கட்ட வேண்டும்."

"லீவில் என்னம்மா வகுப்பு?"

"கம்ப்யூட்டர் வகுப்பு. திருப்பதியில் நடக்கிறது. கல்லூரி வாசலில் ஒருவர் இந்தத் தாளைக் கொடுத்தார். இப்போது நாம் கட்டிவிட்டால், பிறகு ஸ்காலர்ஷிப்பில் திரும்பி வந்துவிடுமாம்."

அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. 6,000 என்ற எண் மட்டும் அவளுக்குப் புரிந்தது. எண்ணுக்கு மொழி இல்லை அல்லவா?

பணம்தான் திரும்பி வந்துவிடுமே என்று அவள் நினைத்தாள். தெருமுனையில் வட்டிக்குக் கொடுப்பவர் இருக்கிறார். மூன்று வட்டி. காலையில் போய்க் கேட்கலாம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்.

மூன்று வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். 6,000 ரூபாய்க்கு மாதம் 180 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 2,160 ரூபாய். அசலையும் சேர்த்தால் 8,160 ரூபாய். மூன்று வட்டி என்று சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது. ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு 36 ரூபாய்.

ஸ்காலர்ஷிப் திரும்பி வந்தால்கூட 6,000தான் வரும். 2,160 போனது போனதுதான். அந்த 6,000மும் வராவிட்டால்?

அன்று இரவு டுவாக்ரா குழுக் கூட்டம் இருந்தது. அங்கே அம்மா இதைச் சொன்னாள். குழுவின் கணக்கை எழுதும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் சொன்னது, திரும்பி வரும் என்று?"

"தாள் கொடுத்தவர் சொன்னாராம்."

"கல்லூரியில் யாராவது சொன்னார்களா?"

"தெரியவில்லை அக்கா."

"அப்படியானால் நாளைக்கு ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். கல்லூரிக்கே போய்க் கேள். கட்டிய பிறகு கேட்பதற்குக் கட்டுவதற்கு முன்னால் கேட்கலாம்."

மறுநாள் அம்மாவும் மகளும் காலை வண்டி ஏறினார்கள்.

கல்லூரி அலுவலகத்தில்

ஸ்காலர்ஷிப் வேலையைப் பார்க்கும் குமாஸ்தா வயதானவர். அவருக்குத் தமிழும் தெரியும். நம் பக்கத்தில் அது அதிசயம் இல்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டாகும் வரை இந்த ஊர்கள் வட ஆற்காட்டில்தான் இருந்தன. அவர் தாளைப் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இது எங்கள் கல்லூரி வகுப்பு இல்லை. வெளியே யாரோ நடத்துகிறார்கள். நல்ல வகுப்பா, கெட்ட வகுப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதற்கு ஸ்காலர்ஷிப் வராது."

"ஏன் சார்? இதுவும் படிப்புதானே?"

"படிப்புதான். ஆனால் அரசாங்கம் எல்லாப் படிப்புக்கும் பணம் தராது. உங்கள் பெண் எந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறாளோ, அந்தப் படிப்புக்குக் கட்டாயமாகக் கட்ட வேண்டிய பணத்தைத்தான் தரும். இவள் சேர்ந்திருப்பது பி.காம். அதற்கு வெளியே எதைப் படித்தாலும் அது உங்கள் கைப்பணம்."

அம்மா பெருமூச்சு விட்டாள். ஆறாயிரம் தப்பியது.

ஆனால் குமாஸ்தா பேச்சை முடிக்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, அம்மாவிடம் ஊர்ச்சேவை வேலையைப் பற்றிச் சொன்னாயா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லவில்லை. சொன்னால் அம்மா வருத்தப்படுவாள் என்று நினைத்தாள். ஏனென்றால் ஜூன், ஜூலை மாதங்களில் அவள் சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் பாக்டரிக்குக் கூலிக்குப் போவதாக இருந்தது. அந்தக் கூலியில்தான் அடுத்த ஆண்டுக்குப் புத்தகம், துணி எல்லாம் வாங்க வேண்டும்.

கோடையிலும் படிப்பு

ஆந்திராவில் 2020-21 கல்வி ஆண்டில் பட்டப்படிப்பின் அமைப்பை மாற்றினார்கள். அதற்கு முன் கோடை என்றால் விடுமுறை. புதிய அமைப்பில் கோடையும் படிப்பில் சேர்ந்தது. முதல் ஆண்டு முடிந்ததும் இரண்டு மாதம் ஊர்ச்சேவை வேலை. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் இரண்டு மாதம் தொழில் பயிற்சி. பிறகு ஒரு முழுப் பருவமும் பயிற்சி. ஆக மொத்தம் பத்து மாதம். இதை முடிக்காமல் பட்டம் கிடைக்காது என்று வைத்தார்கள்.

ஊர்ச்சேவை வேலை என்றால் என்ன? மாணவர் ஒரு ஊரை எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்த ஊராகவே இருக்கலாம். வீடு வீடாகப் போய் விவரம் கேட்டு எழுத வேண்டும். ஒரு குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். குடிநீர், கழிப்பறை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள், இப்படி ஏதாவது. அதைப் பற்றி மக்களிடம் பேச வேண்டும். கடைசியில் எழுதிக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு.

"இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாதா?" என்று அம்மா கேட்டாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. சிலர் கூலிக்குப் போய்விட்டுச் சேவை வேலையை விட்டுவிடுகிறார்கள். கடைசி ஆண்டில் பட்டம் நிற்கிறது. சிலர் யாருக்காவது பணம் கொடுத்துப் பொய்யாக எழுதி வாங்குகிறார்கள். அதுவும் வீண் செலவு. மாட்டிக்கொண்டால் அவமானம் வேறு.

குமாஸ்தா ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இரண்டு மாதம் என்றுதான் பெயர் அம்மா. மணிக்கணக்கைப் பாருங்கள். மொத்தம் 180 மணி நேரம். 60 நாளில் வகுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு?"

மகள்தான் விடை சொன்னாள். "மூன்று மணி."

"மூன்று மணிதான். எந்த மூன்று மணி என்று மேற்பார்க்கும் ஆசிரியரிடம் கேளுங்கள். வீடுகளில் ஆட்கள் இருப்பது காலையிலும் மாலையிலும்தானே? நடுப்பகலில் போனால் பூட்டுத்தான் இருக்கும்."

அம்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவர்கள் ஆசிரியரைப் போய்ப் பார்த்தார்கள். பாக்டரிக்குத் தினமும் சித்தூர்ப் பக்கம் போய் வந்தால் நேரம் போதாது. ஆனால் தாமலச்செருவு மண்டி பக்கத்திலேயே இருக்கிறது. பகலில் மண்டியில் அம்மாவோடு வேலை. மாலையில் ஊரில் சேவை வேலை. ஆசிரியர் சம்மதித்தார். அதோடு ஒன்று சொன்னார். "மண்டியில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியே எழுதேன். அவர்களில் எத்தனை பேருக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது, எத்தனை பேர் மூன்று வட்டிக்கு வாங்குகிறார்கள் என்று கேள்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் திட்டம் பழையது. வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே 1944இல் தொடங்கியது. இன்றும் நடக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மற்ற பிரிவினருக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு.

ஆந்திராவில் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. அதன் பெயரும் வழியும் அடிக்கடி மாறியிருக்கின்றன. முன்பு வித்யா தீவெனா என்ற பெயரில் கட்டணப் பணத்தைத் தாயின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். தாய் அதை எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். சாப்பாடு, தங்கும் செலவுக்கு வசதி தீவெனா என்று இன்னொரு திட்டம். அதில் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய், இரண்டு தவணையாக. பிறகு தாயும் பிள்ளையும் சேர்ந்து கணக்குத் தொடங்கச் சொன்னார்கள். அந்த நாட்களில் வங்கி வாசலில் வரிசையில் நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2024இல் ஆட்சி மாறியது. திட்டத்தின் பெயர் மாறியது. கட்டணத்தை நேராகக் கல்லூரிக்கே செலுத்துவது என்று முடிவு செய்தார்கள்.

பெயர் எதுவாக இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பணம் ஆண்டுக் கணக்கில் வருகிறது. கோடைக்கு என்று தனிப் பங்கு கிடையாது. கோடைப் பயிற்சி படிப்பின் உள்ளே இருந்தால், அது அந்த ஆண்டுக் கட்டணத்தோடு சேர்ந்தது. படிப்புக்கு வெளியே இருந்தால், அதற்கு உதவி இல்லை. ஆகையால் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு?" என்பது இல்லை. "இது படிப்பின் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?" என்பதுதான்.

இன்னொரு சங்கடம் உண்டு. உதவித்தொகை நாம் நினைக்கும் மாதத்தில் வராது. தவணை தள்ளிப்போகும். அது வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்கினால், தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் வட்டி நம் தலையில்தான் ஏறும். பயணச் செலவு, கைச்செலவு இவற்றுக்குக் குழுச் சேமிப்பிலிருந்து சிறு தொகை வாங்கிக்கொள்வது நல்லது. ரயிலுக்குப் பணம் வைக்காதீர்கள். பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு வீட்டு ஊருக்கும் கல்லூரி ஊருக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு இலவசம். கல்லூரி தரும் சான்றை நிலையத்தில் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் மாதாமாதம் பணம் கட்டும் வீடுகள் இருக்கின்றன.

அமெரிக்காவிலும் இதே பாடுதான்

பெரிய நாடுகளில் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைப்போம். அமெரிக்காவில் ஏழை மாணவர்களுக்கு பெல் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. அங்கே கோடையில் கல்லூரிகள் தனிப் பருவமாகவே வகுப்பு நடத்தும். ஆனால் ஆண்டுக்கு உரிய பணம் இரண்டு பருவத்திலேயே தீர்ந்துவிடும். கோடையில் கை காலி. ஒரு சட்டம் போட்டு 2009 முதல் கோடைக்கும் கூடுதலாகக் கொடுத்தார்கள். செலவு அதிகம் என்று 2011இல் நிறுத்தினார்கள். 2017இல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே ஓர் ஆண்டில் ஒன்றரைப் பங்கு வரை வாங்கலாம். அதுவும் கல்லூரியின் பாடமாக இருந்தால்தான். வாசலில் தாள் கொடுப்பவரின் வகுப்புக்கு அங்கேயும் கிடையாது!

வங்கிக் கடன்

உதவித்தொகை போதாதவர்கள் வங்கியில் கல்விக் கடன் கேட்கலாம். 4 லட்சம் ரூபாய் வரை வீடு, நிலம், நகை எதையும் அடமானம் வைக்க வேண்டாம். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். (கைநாட்டு அல்ல, கையெழுத்து. இப்போது உங்களால் முடியும்.)

கட்டணம், தேர்வுப் பணம், விடுதி, புத்தகம் இவற்றுக்கு மட்டும்தான் கடன் என்று பலர் நினைக்கிறார்கள். படிப்பை முடிக்கத் தேவையான கல்விச் சுற்றுலா, பயிற்சி வேலை ஆகிய செலவுகளையும் கேட்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும்போதே எழுத வேண்டும். படிப்பின் எல்லா ஆண்டுக்கும், கோடைப் பயிற்சிக்கும் சேர்த்து, செலவுப் பட்டியலைக் கல்லூரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். பாதியில் போய், "சார், கோடைக்கு இன்னும் கொஞ்சம்" என்று கேட்டால் இழுபறிதான்.

படித்து முடித்து ஓர் ஆண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்காது. 50,000 ரூபாயை முதல் நாளே வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 5,000. மூன்று ஆண்டு படிப்பு, அதற்குமேல் ஓர் ஆண்டு. நான்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய். முடிந்தவர்கள் மாதம் 417 ரூபாய் வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்தச் சுமை சேராது. வங்கியின் 10ஐயும் தெருமுனையின் 36ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்பு படிப்பவர்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4 லட்சத்து 50 ஆயிரத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்ற திட்டத்துக்கும் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அது தேர்ந்தெடுத்த கல்லூரிகளுக்கு மட்டும்தான். உங்கள் பிள்ளையின் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

ஆதார் அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டை, மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம். எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். பரணில் வைத்தால் எலிதான் படிக்கும்.

பாகாலா 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய சான்றில் சித்தூர் மாவட்டம் என்று இருக்கும். புதிய சான்றில் திருப்பதி மாவட்டம் என்று இருக்கும். விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்று ஊர்ச் சச்சிவாலயத்தில் கேட்டு எழுதுங்கள். கல்வி, நலத் திட்டங்களைப் பார்க்க அங்கே தனி உதவியாளர் உண்டு.

வங்கிக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், ஆதாரைக் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தோமோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். வேறு எதற்கோ புதிதாக ஒரு கணக்குத் தொடங்கியிருப்போம். பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். நாமோ பழைய புத்தகத்தைப் பார்த்து "வரவில்லை, வரவில்லை" என்று அழுதுகொண்டிருப்போம். இரண்டு புத்தகத்தையும் பதிந்து பாருங்கள்.

கடிதம் எழுதுவோம்

வாயால் கேட்டால் ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் இன்னொன்று சொல்வார். எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் கேளுங்கள். கல்லூரிக்குத் தெலுங்கில் கொடுப்பது நல்லது. முதலில் நீங்கள் தமிழில் எழுதுங்கள். பிள்ளையிடம் கொடுத்துத் தெலுங்கில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டு படி எடுத்து, ஒன்றில் கல்லூரி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாகாலா
தேதி: ....................

கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

ஐயா / அம்மா,

வணக்கம். என் மகள் / மகன் .................... உங்கள் கல்லூரியில் .................... ஆண்டு படிக்கிறார். வரும் கோடையில் .................... என்ற வகுப்பு / பயிற்சி இருப்பதாகச் சொல்கிறார். கீழே உள்ளவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இந்த வகுப்பு படிப்பில் சேர்ந்ததா?

இதற்குத் தனிக் கட்டணம் உண்டா? இருந்தால் எவ்வளவு? அதை உதவித்தொகையில் தருவார்களா, நாங்கள் கட்ட வேண்டுமா?

மொத்தம் எத்தனை மணி நேரம்? நாங்கள் கூலி வேலை செய்யும் குடும்பம். காலையிலோ மாலையிலோ செய்ய அனுமதி உண்டா?

கட்டணம் உண்டென்றால், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்? தவணையாகக் கட்டலாமா?

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(கையெழுத்து) ....................